பாலத்தின் எந்தப் பக்கம் வீடு?

அக்கா மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. செனோக்கோவில் ஒரு தொழிற்சாலை, இயந்திரப் பராமரிப்பு வேலை, எஸ் பாஸ் என்கிற வேலை அட்டை, மாதம் 3,600 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். இங்கே மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் அவன் இப்போது வாங்குவது 3,800 ரிங்கிட். அன்றைக்கு ராத்திரி அக்கா வீட்டில் பிரியாணி. சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான். “மாமா, பேசாம குடும்பத்தோட அங்கேயே போயிடலாமா? இல்ல, உங்கள மாதிரி தினமும் பாலம் ஏறி இறங்கணுமா?”

உள்ளேயிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது: “எதுவானாலும் சரி, மோட்டார் சைக்கிள்ல மட்டும் போகக் கூடாது.”

நான் 19 வருடமாக, மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஜொகூர் பாலத்தைக் கடக்கிறவன். நடுவில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று வருடம் சிங்கப்பூரின் ஈசூனில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். இரண்டையும் பார்த்தவன் என்பதால்தான் என்னிடம் கேட்கிறான். கை கழுவுகிற நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அவனுக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். அவனைப் போலவே கையில் வேலைக் கடிதத்தோடு யோசித்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

முதலில் பணம். எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்.

எங்கள் அப்பா காலத்தில் சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. 1973 மே 8 வரை இந்தக் காசை அந்தப் பக்கமும் அந்தக் காசை இந்தப் பக்கமும் அப்படியே கொடுத்து வாங்கலாம். இப்போது ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். அதனால் நம் ஆட்கள் யாராவது சிங்கப்பூர் சம்பளத்தைச் சொன்னால் அடுத்த நொடியே மூன்றால் பெருக்கிவிடுகிறோம். மருமகனின் 3,600 வெள்ளி, 11,500 ரிங்கிட்டாகி அக்கா வாயில் ஊர் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது.

பெருக்கல் சரிதான். ஆனால் சம்பாதிக்கும் இடத்தில் பெருக்கினால் செலவழிக்கும் இடத்திலும் பெருக்க வேண்டும். ஜொகூர் பாருவின் ஜேபி சென்ட்ரலிலிருந்து சிங்கப்பூர்க் கரையில் இருக்கும் உட்லண்ட்ஸுக்குப் போகும் தெப்ராவ் ஷட்டில் ரயில் இருக்கிறதே, ஐந்து நிமிடப் பயணம். இங்கிருந்து போக 5 ரிங்கிட். அங்கிருந்து திரும்பி வர 5 வெள்ளி. அதே ரயில், அதே இருக்கை, அதே ஐந்து நிமிடம். இரண்டு நாடுகளின் விலைவாசியையும் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. சாப்பாட்டுக் கடையிலும் ஏறக்குறைய இதுதான் கதை. இங்கே ரொட்டி சானாய் ஒன்றரை, இரண்டு ரிங்கிட். அங்கே அதற்குப் பெயர் ரொட்டி பராட்டா, ஒன்றரை வெள்ளி. எண் மாறுவதில்லை, எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பணம்தான் மாறுகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சிங்கப்பூரில் சம்பாதித்து சிங்கப்பூரிலேயே சாப்பிடுகிறவனுக்கு அந்த ஒன்றரை வெள்ளி கனமே இல்லை. ஜொகூர் சம்பளக்காரனுக்கு ஒன்றரை ரிங்கிட் எப்படியோ அப்படித்தான். சாப்பாடு, பேருந்து, எம்ஆர்டி ரயில், மின்சாரம் இதிலெல்லாம் சிங்கப்பூர் சம்பளக்காரனைச் சிங்கப்பூர் பயமுறுத்துவதில்லை. பயமுறுத்துவது வீடும் காரும். ஓர் அறைக்கு இப்போது 900 வெள்ளியாவது கேட்கிறார்கள், சமைக்க விடுவார்களா என்பது தனிக் கேள்வி. முழு வீடு என்றால், மூவறை வீட்டுக்கே இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். கார் வாங்க நினைத்தால் முதலில் பத்து வருட உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும், அந்தக் காகிதத்தின் விலையே ஒரு லட்சம் வெள்ளியைச் சுற்றி நிற்கிறது. வண்டி விலை அதற்கு மேல். இங்கே என் பக்கத்து வீட்டில் மூன்று கார் நிற்கிறது, அவர் ஒன்றும் முதலாளி இல்லை.

வருமான வரி இவன் சம்பளத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆண்டு முழுவதற்கும் 500, 700 வெள்ளிக்குள் அடங்கிவிடும்.

சரி, மருமகன் கேட்டது ‘குடும்பத்தோட போயிடலாமா’ என்றுதானே. இங்கேதான் முதல் இடி. அவனால் போக முடியாது.

சிங்கப்பூரில் வாழ்க்கைத் தரம் எப்படி என்று யாராவது கேட்டால், ‘உன் கையில் என்ன அட்டை?’ என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். ஒரே ஊர்தான், அட்டைக்கு அட்டை வேறு ஊராக இருக்கும். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் மனைவி மக்களை அழைத்து வந்து வைத்துக்கொள்ள முடியாது, நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. அதற்கு மேல் எஸ் பாஸ். 2025 செப்டம்பர் முதல் புதிதாக விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, வயது கூடக் கூட அந்தத் தொகையும் கூடும். எஸ் பாஸ்காரர் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் குடும்பத்தைச் சார்ந்தோர் அனுமதியில் கொண்டுவர மாதம் 6,000 வெள்ளி சம்பளம் வேண்டும். இதற்கும் மேலே எம்ப்ளாய்மென்ட் பாஸ், 5,600 வெள்ளியில் ஆரம்பம். பார்த்தீர்களா, அந்த அட்டை கிடைத்தும் 5,600-க்கும் 6,000-க்கும் நடுவில் நிற்பவர் குடும்பத்தைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் வைத்திருக்க வேண்டும்.

ஆக 3,600 வெள்ளிக்காரனுக்கு ‘அங்கே போவது’ என்றால் அவன் மட்டும் போவது. மனைவியும் மூன்று வயது மகளும் ஸ்கூடாயில்தான். அவன் முன்னால் இருப்பது இரண்டே வழி: தினமும் வந்து போவது, அல்லது வாரம் முழுக்க அறையில் தங்கி வார இறுதியில் வருவது. நிரந்தரவாசம் மூன்றாவது வழி, அது இன்றைக்கு அவன் கையில் இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த இரண்டு வழிகளையும் எல்லாரும் வெள்ளிக் கணக்கில் ஒப்பிடுவார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். தினமும் வந்துபோனால் பேருந்து, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 500 வெள்ளி. மிச்சம் 3,100, நம் பணத்தில் 9,900 ரிங்கிட் போல. அறை எடுத்தால் வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, வார இறுதிப் பயணம் என்று 1,500 போய்விடும். மிச்சம் 2,100, அதாவது 6,700 ரிங்கிட். வித்தியாசம் மாதம் மூவாயிரம் ரிங்கிட்டுக்கு மேல். தினமும் வந்துபோவதுதான் லாபம் என்று முடித்துவிடலாம்.

ஆனால் மணி நேரக் கணக்கு போட்டால் அது தலைகீழாகிறது.

அக்கா சொன்னபடி மோட்டார் இல்லாமல் பேருந்து என்று வைத்துக்கொள்வோம். காலை நாலே காலுக்கு எழ வேண்டும். ஐந்து மணிக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். எல்லையில் இருக்கும் சுங்க, குடிநுழைவுக் கட்டடத்துக்குப் போய்ச் சேர அரை மணி, நம் பக்கக் குடிநுழைவில் வரிசை, கீழே இறங்கிப் பேருந்துக்கு வரிசை, பாலத்தில் ஊர்வது, உட்லண்ட்ஸில் இறங்கி மறுபடி வரிசை, மறுபடி பேருந்து. பாலத்தின் நீளம் என்னவோ ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். 1924-இல் திறந்தது. எத்தனையோ நாள் பேருந்தை நம்பாமல் அதை நடந்தே கடந்திருக்கிறேன், நடந்தவன்தான் முதலில் போய்ச் சேருவான். வீட்டு வாசலிலிருந்து தொழிற்சாலை வாசலுக்கு இரண்டரை மணி நேரம். திரும்பி வரவும் அதே. ஒரு நாளைக்கு ஐந்து மணி, மாதம் 22 நாள் என்றால் 110 மணி நேரம்.

வாரத்துக்கு 44 மணி நேர வேலை என்று எடுத்துக்கொண்டால் அவன் சம்பளம் மணிக்கு ஏறத்தாழ 19 வெள்ளி. பாலத்தில் கழிக்கும் 110 மணி நேரத்துக்கும் அதே விலை வைத்தால் இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் வருகிறது. ஆயிரம் வெள்ளி மிச்சம் பிடிக்க இரண்டாயிரம் வெள்ளி நேரத்தைக் கொடுக்கிறான். அந்த நேரத்தில் ஓவர்டைம் செய்தால்கூடக் கணக்கு இதைவிட நன்றாக இருக்கும். உடனே அறை எடுத்துக்கொள் என்று சொல்லத் தோன்றும். கல்யாணமாகாத பையன் கேட்டிருந்தால் நானும் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்லியிருப்பேன். 25 வயதில் ஈசூனில் இருந்தபோது நான் ஏழரைக்கு எழுந்து எட்டரைக்கு வேலையில் இருந்தேன். சாயங்காலம் பந்து விளையாடினேன், இரவு வகுப்பில் சேர்ந்து ஒரு டிப்ளோமா முடித்தேன். தூக்கம் என்கிற சொத்தை அப்போது நான் சொத்தாக நினைக்கவில்லை.

மூன்று வயது மகள் இருப்பவனுக்குக் கணக்கு மறுபடியும் மாறுகிறது. தினமும் வருகிறவன் எட்டு, எட்டரைக்கு வீடு சேருவான். பிள்ளை ஒன்பதரைக்குத் தூங்கிவிடும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து. அந்த ஐந்து மணி நேரத்துக்காகப் பாலத்தில் இருபத்தைந்து மணி நேரம். இப்படி எழுதிப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம் போலத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் கிளினிக்குக்கு ஓட வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறான். குழாய் உடைந்தால், கேட் பூட்டு சிக்கினால், மாமியாருக்கு மூச்சுத் திணறினால் இருக்கிறான். என் மனைவி ஒருமுறை சொன்னாள்: “நீங்க வந்து பேச வேணாம், தூங்கினா போதும். வீட்ல ஆள் இருக்குன்னு இருக்கும்.” அதை எந்த வெள்ளியில் போடுவது?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அறை எடுத்தவன் வார இறுதியில் வருகிறான் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 2014 முதல் 2024 கடைசி வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி. சிங்கப்பூரில் சனி, ஞாயிறு. கணவன் சிங்கப்பூரில், மனைவி இங்கே ஆசிரியை, பிள்ளைகள் இங்கே பள்ளியில் என்றால் மூவருக்கும் பொதுவாக ஒரே ஒரு சனிக்கிழமை. பதினோரு வருடம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகத் துணி மடித்துக்கொண்டிருப்பேன், மற்றவர்கள் பள்ளிக்கூடத்தில். 2025 ஜனவரி முதல் ஜொகூர் மறுபடி சனி, ஞாயிறுக்கு மாறியது. எத்தனையோ சாலை, எத்தனையோ கட்டடம் வந்தது. எங்கள் வீட்டு வாழ்க்கைத் தரத்தை அதிகம் உயர்த்தியது இந்த ஒரு மாற்றம்தான்.

அறை எடுப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அதை நான் அனுபவித்தே விட்டேன். 2020 மார்ச் 16 இரவு, கொரோனாவுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார்கள். 18-ஆம் தேதி முதல் எல்லை மூடல், 14 நாள் என்றார்கள். வேலையை விட முடியாது. 17-ஆம் தேதி இரண்டு செட் உடுப்போடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பாலம் கடந்தேன். அன்றைக்குக் கடந்த கூட்டத்தில் பாதிப் பேர் கையில் தலையணை இருந்தது. 14 நாள், மாதமாகி, வருடமானது. நடுவில் ஊருக்கு வந்துபோக ஒரு திட்டம் வந்தது, வந்தால் விடுப்பு முழுவதும் தனிமைப்படுத்தலிலேயே போய்விடும் என்று நான் வரவில்லை. 2021 நவம்பர் 29-ஆம் தேதி தரைவழிப் பேருந்துகள் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். இருபது மாதம். மகள் என்னைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் போய் நின்றாள், கைபேசியில் மட்டும் பார்த்த முகம். எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டு நாடு இருந்தால், முடிவெடுக்கிறவர்கள் இரண்டு அரசாங்கம். எந்தப் பக்கம் பூட்டினாலும் நடுவில் நிற்பது நாம்தான்.

பிள்ளைப் படிப்புக்கு வருகிறேன். மருமகனின் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவளுக்கு முன்னால் இதைப் பேசினால் நேரம் போவதே தெரியாது.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. அறிவிப்புப் பலகையில் தமிழ், நாடாளுமன்றத்தில் தமிழ் பேசலாம், பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடம் கட்டாயம். ஆனால் தமிழ்ப்பள்ளி கிடையாது, கடைசியாக இருந்த உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. மலேசியாவில் தமிழ் ஆட்சிமொழி இல்லை. ஆனால் ஆறு வருடமும் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகள் 500-க்கும் மேல். அங்கே தமிழ் ஒரு பாடம், நன்றாக நடத்தப்படும் பாடம். இங்கே தமிழ்தான் பள்ளிக்கூடமே, திடலில் சண்டை போடுவதும் தமிழில்தான். என் மகளும் சிங்கப்பூரில் வளர்ந்த என் நண்பரின் மகளும் ஒரே வயது. நண்பரின் மகள் தமிழ்த் தேர்வில் என் மகளைவிட நல்ல மதிப்பெண் வாங்குவாள் என்றே நினைக்கிறேன். ஆனால் பாட்டியிடம் கோபித்துக்கொள்ள அவளுக்கு ஆங்கிலம்தான் வருகிறது.

மற்றபடி கல்வித் தரம் என்று பார்த்தால் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும், சிங்கப்பூர் மேலேதான். கணிதம், அறிவியல், ஆங்கிலம் எதில் வேண்டுமானாலும். அதற்கு விலையும் உண்டு. 12 வயதில் தொடக்கப்பள்ளியின் இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ, அதற்கு நான்கு வருடம் முன்பிருந்தே டியூஷன். இங்கே அதே மாதிரி இருந்த யூபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் எடுத்தே விட்டார்கள். பிள்ளைகள் நிம்மதியாக இருக்கிறார்கள். கொஞ்சம் அதிகமாகவே நிம்மதியாக இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். இரண்டும் வேண்டும் என்று இங்கே வீடு, அங்கே பள்ளி என்று பிள்ளையை அனுப்புகிற பெற்றோரும் உண்டு. விடியற்காலை பள்ளிச் சீருடையில் தூங்கிக்கொண்டே குடிநுழைவு வரிசையில் நகரும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். அதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உடம்புக்கு முடியாவிட்டால்? இங்கே அரசாங்க கிளினிக்கில் குடிமகனுக்கு ஒரு ரிங்கிட். காத்திருக்கும் நேரம் அரை நாள். சிங்கப்பூரின் பலதுறை மருந்தகம், அதாவது பாலிகிளினிக், சுத்தம், வேகம். ஆனால் மானியக் கட்டணம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். எஸ் பாஸ்காரருக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவமனைக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும், அது அவருக்கு மட்டும், குடும்பத்துக்கு இல்லை. சராசரி ஆயுள் அங்கே சுமார் 83, இங்கே சுமார் 75. இந்த எட்டு வருட வித்தியாசத்துக்கு மருத்துவமனை மட்டும் காரணமில்லை. அங்கே தினமும் நடக்கிறார்கள். நாங்கள் தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, வாசலில் இருக்கும் கடைக்கும் வண்டியை எடுக்கிறோம்.

அடுத்து, முதுமைக்கான பணம். நான் செய்த தப்பு இதில்தான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். சிங்கப்பூர்க் குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் மத்திய சேமநிதி உண்டு. 55 வயது வரை சம்பளத்தில் 20 விழுக்காடு தொழிலாளி, 17 விழுக்காடு முதலாளி. எஸ் பாஸ்காரருக்கு அது இல்லை. முழுச் சம்பளமும் கையில் வருவதைப் பார்த்து முதல் மாதம் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். இங்கே வேலையில் இருந்தவரை ஊழியர் சேமநிதியில் தானாக விழுந்துகொண்டிருந்த பணம் அன்றோடு நின்றுவிட்டது என்பது யாருக்கும் உறைக்காது. நான் ஒன்பது வருடம் ஒரு காசு போடவில்லை. சுயமாகக் கட்டலாம், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை ஏற்றுக்கொள்கிறார்கள். 2024-க்கு 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தார்கள். மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காடுதான், ஆனால் அங்கே முதலாளியும் போடுகிறாரே. மருமகனுக்கு என் ஒரே கட்டளை: முதல் சம்பளத்திலிருந்தே இங்கே கட்டு. மூன்று மடங்கு சம்பளம் வாங்கி, அறுபதில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறவர்களைப் பேருந்து வரிசையில் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

இப்போது அந்த மூன்றாவது வழி. நிரந்தரவாசம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சேமநிதி, மருத்துவ மானியம், குடும்பம் ஒன்றாக இருப்பது, எல்லாம் உண்மை. ஆனால் கூடவே வருகிற சங்கதிகளை விண்ணப்பிப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். நிரந்தரவாசியாகி மூன்று வருடம் கழித்துத்தான் மறுவிற்பனைக்கு வரும் வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு, வாங்கலாம். வாங்கினால், ஜொகூரில் இருக்கும் சொந்த வீட்டை ஆறு மாதத்துக்குள் விற்றுவிட வேண்டும். இங்கே மாடி வீடு, அங்கே வீவக வீடு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளும் கனவு அதோடு சரி. மலேசியப் பதிவு வண்டியைச் சிங்கப்பூருக்குள் ஓட்டவும் முடியாது. மகன் இருந்து, அவனுக்கும் நிரந்தரவாசம் எடுத்தால், 18 வயதில் இரண்டு வருடம் கட்டாய தேசிய சேவை, பெரும்பாலும் ராணுவத்தில். மருமகனுக்கு மகள்தான், ஆனால் அடுத்தது என்ன என்று யார் கண்டது.

இதில் ஓர் ஆள் கணக்கில் வராமல் போய்விடுகிறார், மனைவி. மருமகனின் மனைவிக்கு அரசாங்க வேலை, அரசு ஊழியர் வீட்டுக் கடன், பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து பத்து நிமிடம். அங்கே போனால் அவள் புதிதாக ஓர் அட்டை தேட வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்குத் தமிழ்ப்பள்ளி இல்லாத ஊர் அது. ஒருவன் சம்பளம் மூன்று மடங்காகி இன்னொருத்தி சம்பளம் பூஜ்யமானால், இரண்டு பேர் மாதக் கடைசியில் உட்கார்ந்து போடும் கணக்கு வேறு மாதிரி இருக்கும். பணத்தை விடுங்கள், இத்தனை வருடம் வகுப்பு நடத்தியவள் 12-ஆவது மாடியில் சன்னல் பார்த்து உட்கார்ந்திருப்பாளா?

பாதுகாப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி போதும். என் வீட்டுக்கு முன் கேட், உள் கேட், சன்னல் கம்பி, நான்கு பூட்டு. ஈசூனில் என் வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கீழே காப்பி வாங்கப் போவார். அதே சமயம் இங்கே தைப்பூசத்துக்கு மாநில விடுமுறை. அங்கே 1968-இலிருந்து இல்லை, விடுப்பு எடுத்துத்தான் காவடி எடுக்க வேண்டும். எது பெரிது என்று அவரவர்தான் சொல்ல வேண்டும்.

எல்லை தாண்டும் ஆர்டிஎஸ் ரயில் வரப்போகிறதே, அதுவரை பொறுக்கலாமா என்றும் கேட்டான். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர், ஐந்து நிமிடம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை. 2027 தொடக்கத்துக்குள் ஓடத் தொடங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏறும் இடத்திலேயே இரண்டு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும் என்பதுதான் இதில் பெரிய சங்கதி, ஐந்து நிமிடம் அல்ல. இரண்டு வரிசை ஒன்றானால் இரண்டரை மணி நேரம் ஒன்றரையாகலாம். ஆனால் ஸ்கூடாயிலிருந்து புக்கிட் சாகாருக்கு வருவது நம் பாடு, அந்தச் சாலை இப்போதே விழி பிதுங்கி நிற்கிறது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தனியாள் என்றால் அங்கே தங்கு, தூங்கு, படி, பணம் சேர், 30 வயதில் மறுபடி யோசி. கணவன், மனைவி இருவருக்கும் நல்ல அட்டை கிடைத்து, பிள்ளை இன்னும் முதலாம் வகுப்புக்குப் போகவில்லை என்றால் தைரியமாகக் குடும்பத்தோடு போகலாம், அதற்குப் பிறகு தாமதித்தால் பிள்ளைக்குத்தான் கஷ்டம். 40 வயதைத் தாண்டி இங்கே வீட்டுக் கடனும் முடிந்தவர்கள், ஜொகூரிலேயே இப்போது தரவு மையம், தொழிற்சாலை என்று வேலை வருவதை ஒருமுறை பார்க்கலாம். 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் போட்ட பிறகு சம்பளமும் கொஞ்சம் அசைகிறது. எனக்கே இப்போது அந்த யோசனைதான்.

மருமகனுக்கு: வீடு இங்கேயே இருக்கட்டும், மனைவி வேலையில் இருக்கட்டும், நீ வந்து போ. நிரந்தரவாசத்தை மகள் ஐந்து வயதாகும்போது பேசிக்கொள்வோம். ஆனால் பேருந்தில் அல்ல. அது மட்டும் எனக்கு உறுதி. ஐந்து மணி நேரம் ஒரு மனிதனை ஆறு மாதத்தில் உலுக்கிவிடும். மோட்டாரில் போனால் அதுவே மூன்றரை மணி நேரமாகிறது, பிள்ளை தூங்குவதற்கு முன் சாப்பாடும் ஊட்டிவிடலாம். ஆபத்து இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மழையில் நானே இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.

இதை அக்காவிடம் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை போய் அந்த மணி நேரக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய்விட்டாள். அன்றைக்குத் தேத்தண்ணிகூட வரவில்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி பாலத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது போன் செய்தாள்.

“நீ போடுறியே அந்த மழைக்கோட்டு, எந்தக் கடையில வாங்கின? நல்லா பளிச்சுனு தூரத்துலேர்ந்து தெரியுற மாதிரி இருக்கணும்.”